குப்பைக்குப் போகுமுன் கணுவைப் பார்

எங்கள் ஊர் இரும்பையில் வெளிச்சாப்பாட்டுக்கு முதலில் மயங்கியவர் ஒரு சித்தர். கடுவெளிச் சித்தர் இங்கே அரசமரத்தடியில் தவம் இருந்தாராம். மரத்திலிருந்து உதிர்ந்து கையில் விழும் பழுத்த இலைதான் அவருக்கு ஆகாரம். நாட்டில் மழையில்லை. சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று எண்ணிய அரசன், தவத்தைக் கலைக்க ஒரு தாசியை அனுப்பினான். அவள் ஆடவில்லை, பாடவில்லை. இலை விழுகிற கையில் ஓர் அப்பளத்தை வைத்தாள். உப்பும் உளுந்தும் நாக்கில் பட்டன. தினம் ஓர் அப்பளம், உடம்பில் கொஞ்சம் சதை, கடைசியில் கண் திறந்தேவிட்டது. பிறகு திருவிழாவில் ஆடும்போது அவள் சிலம்பு கழன்று விழ, சித்தர் எடுத்துக் கட்டிவிட, ஊர் சிரிக்க, அவர் வெகுண்டு பாட, மாகாளேசுவரர் கோயில் லிங்கமே வெடித்தது என்று கதை போகும். லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். சம்பந்தர் பாடிய தலம் இது. எனக்கென்னவோ இந்தக் கதையில் பிடித்தது அந்த அப்பளம்தான்.

புதுச்சேரி - திண்டிவனம் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் திரும்பி உள்ளே வந்தால் எங்கள் ஊர். வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். செம்மண். பெருமழை பெய்தால் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும் பூமி. 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது எடுத்த படங்களில் மொட்டை மேடும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களும்தான் தெரியும். இந்த மண் வறண்டு போகட்டும் என்று சித்தர் சபித்ததாகவும், தூரதேசத்து மனிதர்கள் வந்து அதைப் பச்சையாக்கினால் சாபம் தீரும் என்றும் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. யார் சேர்த்ததோ தெரியாது, ஆரோவில்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது.

சாபம் தீர்ந்ததோ இல்லையோ, சாப்பாடு வந்து சேர்ந்தது. கூட்டுரோட்டில் பரோட்டாவும் சால்னாவும். குயிலாப்பாளையம் பக்கம் போனால் அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டி, பீட்சா. ஆரோவில்லின் சோலார் கிச்சனில் மதியச் சாப்பாடு. 1997-ல் திறந்த அந்தச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டத்தில் கண்ணாடி பதித்த பெரிய கிண்ணம் ஒன்று இருக்கிறது. கிண்ணம் அசையாது. மேலே தொங்கும் கொதிகலன் மட்டும் சூரியன் போகும் பக்கமெல்லாம் நகர்ந்து வெப்பத்தை வாங்கும். அந்த நீராவியில் சோறு வேகும். புதுச்சேரிக்குள் போனால் வியட்நாம் ருசிகூடக் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் திரும்பிவரும்போது எலுமிச்சைப்புல்லும் அரிசித்தாள் சுருளும் கூடவே வந்தன.

இதையெல்லாம் சாப்பிடப் பெரிய பர்ஸ் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். எப்போதோ ஒருமுறை போவோம், ஒரு தட்டை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். சாப்பிட்டு முடித்ததும் தட்டின் ஓரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். பீட்சாவின் மேல் அலங்காரத்துக்குச் செருகியிருந்த பேசில் கொத்து ஒன்று அப்படித்தான் கிடைத்தது. விரல் நீளத் தண்டு. சூடு படாமல் பச்சையாக இருந்தது. கைக்குட்டையை நனைத்துச் சுற்றிக்கொண்டேன்.

வீட்டில் மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தட்டுல கெடக்கிற தழையக்கூட வுட மாட்டியா?" என்றார். முகர்ந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "திருநீத்துப்பச்சிலையாட்டம் இருக்கே?"

சரியாகத்தான் பிடித்தார். இத்தாலிக்காரரின் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். ரகம்தான் வேறு, வாசனையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கோடையில் சர்பத்தில் ஊறி மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய சப்ஜாவை ஊறவைக்காமல் மண்ணில் தூவினால் செடியாகவே வரும். தட்டிலிருந்து வந்த தண்டு ஒரு வாரத்துக்குள் கண்ணாடி டம்ளரில் வேர்விட்டது. இப்போது அந்தத் தழையைப் பறித்து, வறுத்த வேர்க்கடலை, பூண்டு, இரண்டு முந்திரி, உப்பு வைத்துத் துவையல் அரைக்கிறோம். இத்தாலியில் பைன் கொட்டையும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள். இங்கே சுற்றிலும் முந்திரிக்காடு. கடலைக்கும் குறைவில்லை. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ஊரெல்லாம் விதைத்த கடலை ரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. பைனை எதற்குத் தேடுவானேன்?

தண்டு எப்படிச் செடியாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இது புரிந்துவிட்டால் எது முளைக்கும், எது அழுகும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு புதினாத் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை கிளம்பும் இடத்தில் சிறிய முண்டு இருக்கும். அதுதான் கணு. இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மொட்டு ஒளிந்திருக்கும். குருத்து நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டிவிட்டால் போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும். அந்தத் தேக்கம்தான் அங்குள்ள செல்களை வேராக மாற்றுகிறது. வெட்டுக்கு மேலே கணுவும் குருத்தும் இருந்தால் பிழைக்கும். வெறும் இலைக்காம்பை எத்தனை நாள் தண்ணீரில் நிறுத்தினாலும் பெரும்பாலும் அழுகத்தான் செய்யும்.

எனவே சந்தையில் புதினாக் கட்டு வாங்கும்போது இலையோடு தண்டையும் பார்த்து வாங்குங்கள். பென்சில் கனமில்லாவிட்டாலும் விறைப்பாக இருக்க வேண்டும், பூத்திருக்கக் கூடாது. இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, ஒரு கணுவாவது தண்ணீரில் முங்கும்படி வையுங்கள். முங்கிய பகுதியில் இலை இருந்தால் நாறும். தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். நேர்வெயில் வேண்டாம். வேர் கொஞ்சம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். எங்கள் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும். மணலும் மக்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் கலந்தால்தான் வேர் ஓடும். அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளி போதும், தொட்டி வாங்க வேண்டியதில்லை. பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி, எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு எல்லாம் இதே வழிதான். முருங்கைக்குப் போத்து நடுவது ஊருக்கே தெரியும். கறிவேப்பிலை மட்டும் மசியாது. கிள்ளிய கொத்தை எவ்வளவு தாங்கினாலும் எளிதில் வேர்விடாது. கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காயவிட்டால் விதை செத்துவிடும்.

மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் கிழங்கு என்று நாம் சொல்லிவிடுகிறோம். செடிக்கு அந்தக் கணக்கு இல்லை. உருளைக்கிழங்கு தண்டு, அதன் கண் ஒவ்வொன்றும் மொட்டு. இஞ்சி, மஞ்சள், சேப்பங்கிழங்கும் தண்டு வகைதான். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை நாங்கள் எறிவதில்லை, பின்பக்கம் புதைத்துவிடுவோம். தையில் புதைத்தது மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் தூங்கும். முளைக்கவில்லையே என்று தோண்டிப் பார்க்கக் கூடாது. வைகாசி மழையில் தானே கண் விழிக்கும். மரவள்ளி அசல் வேர். மொட்டே கிடையாது. முழுக் கிழங்கைப் புதைத்தாலும் முளைக்காது, குச்சியைத்தான் நட வேண்டும். சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அதற்குப் புதிதாக மொட்டு உண்டாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் உண்டு.

கேரட்டின் தலையைத் தட்டில் வைத்தால் மறுபடி கேரட் காய்ப்பதாகக் கைப்பேசியில் படம் காட்டுகிறார்கள். சுத்தப் பொய். தழை வரும், பருப்பில் போட்டுக் கடைந்து சாப்பிடலாம், அதோடு சரி. தின்று தீர்த்த வேர் திரும்ப வளராது. பூண்டுப் பல்லை நட்டால் வாசனையான தாள் கிடைக்கும், ஆனால் முழுப்பூண்டாகத் திரளக் குளிர் வேண்டும். அதனால்தான் அது கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் விளைகிறது, வானூரில் விளைவதில்லை. நம் பக்கத்து வெயிலுக்குச் சரியான ஆள் சின்ன வெங்காயம். கூடையடியில் முளைத்துக் கிடப்பதை ஒவ்வொன்றாக ஊன்றினால், 70 நாளுக்குள் ஒன்று கொத்தாகத் திரண்டுவிடும். விவசாயிகளும் பெரும்பாலும் அப்படித்தான் நடுகிறார்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கணக்கில் எலும்பு, தோல், கொட்டை எல்லாம் சேர்த்தி. சரி, பீர்க்கங்காய்த் தோலை எதில் சேர்ப்பது? எங்கள் வீட்டில் துவையலே தோலுக்காகத்தான். வாழைக்காய்த் தோலைப் பொடியாக அரிந்து காராமணியோடு பொரிப்போம். மாசி, பங்குனியில் திண்டிவனம் சாலை நெடுக தர்ப்பூசணி குவிந்து கிடக்கும்போது, சிவப்பைத் தின்றுவிட்டு வெள்ளையை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பச்சைத் தோலைச் சீவிவிட்டால் அந்த வெள்ளைப் பகுதி கூட்டுக்குப் பூசணிக்காய் மாதிரியே வேகும்.

ஆனால் மிச்சத்திலிருந்து விளைச்சல் எடுப்பதில் பனையை மிஞ்ச எதுவும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அனலில் சுட்டு, நாரோடு சேர்த்துச் சப்பித் தின்றதும் மிஞ்சுவது கொட்டை. ஒரு பழத்தில் மூன்று வரை இருக்கும். மாமியார் அவற்றைச் சாக்கில் சேர்த்து வைப்பார். பின்பக்கம் மண்ணை இளக்கிக் குவித்து உயரமாகப் பாத்தி போட்டு, கொட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடுவார். மழை இல்லாத நாளில் மட்டும் தண்ணீர்.

உயரப் பாத்திக்குக் காரணம் இருக்கிறது. மற்ற விதைகளில் வேர் கீழே போனாலும் குருத்து மேலே வரப் பார்க்கும். பனங்கொட்டையின் முளை மண்ணைத் துளைத்துக் கீழே போகும். கொட்டையிலிருந்து கிளம்பும் குழாய் போன்ற காம்பு, கருவைச் சுமந்துகொண்டு ஆழத்தில் இறக்கிவிடும். வறண்ட நிலத்து மரம் ஈரத்தைத் தேடிப் பிழைக்கும் வழி அது. நாம் தின்னும் பனங்கிழங்கு அந்த இளம் முளைதான். கெட்டி மண்ணில் புதைத்தால் கோணிக்கொண்டு போகும், பிடுங்கும்போது முறியும். பாத்தி பொலபொலவென்று இருந்தால் நேராக இறங்கும். தையில் பாத்தியைப் பக்கவாட்டில் சரித்தால், கிழங்குகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு நிற்கும்.

மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நடுவில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு, நாரைக் கிழித்துக்கொண்டே தின்ன வேண்டும். யாழ்ப்பாணத்தில் காயவைத்து ஒடியல் மாவாக்கி, மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். இன்னும் முடியவில்லை. கிழங்கு பிடுங்கிய கொட்டையை அருவாளால் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, லேசான இனிப்போடு தவுன் இருக்கும். பிள்ளைகள் அதற்காகத்தான் பாத்தியடியில் காத்துக் கிடப்பார்கள். வெறும் ஓடு வெயிலில் காய்ந்து அடுப்புக்குப் போகும். 55 கிலோ கணக்குப் போட்டவர்கள் இந்தக் கொட்டையை எத்தனை முறை கழிப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். குப்பைமேட்டில் தானாக முளைத்த சுரை, வெள்ளரி, பீர்க்கன் காய்த்தால், முதலில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். கசப்பைத் தரும் குக்குர்பிட்டசின் வயிற்றைப் புரட்டி ஆளைப் படுக்கவைத்துவிடும், வேகவைத்தாலும் போகாது. பச்சையோடிப் போன உருளைக்கிழங்கும் அப்படித்தான், நடலாமே தவிரத் தின்னக் கூடாது.

மற்றபடி கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்தப் பக்கத்து உணவகங்களின் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவர்கள் பலரும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள்தான். "அக்கா, தண்டு இருந்தா குடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். வைகாசியில் போனால் முளைவிட்ட இஞ்சி கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பசலைத் தண்டு. எலுமிச்சைப்புல் எந்த மாதமும் வேர் பிடிக்கும், அடிக்குருத்தோடு சேர்த்து வெட்டித் தரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.