கம்பியில்லா வலையும் அதன் கலைச்சொற்களும்

சென்ற விடுமுறையில் யாம் திருநாவலூரில் உறவினர் இல்லத்தே தங்கியிருந்தபொழுது, தங்கை முறையினள் ஒருத்தி உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பம் அனுப்ப முயன்றாள். அன்றே இறுதி நாள். கைப்பேசியில் வைஃபைக் குறி நிறைந்து நின்றது, பக்கமோ திறந்தபாடில்லை. "குறி முழுதும் இருக்கிறதே, அண்ணா!" என்றாள். நண்பகல் முதல் மாலைவரை திண்ணைக்கும் முற்றத்துக்குமாய் அலைந்தோம். வீட்டினின்று வெளியே செல்லும் கண்ணாடியிழைக் கம்பி அறுந்து கிடந்ததைப் பின்னரே கண்டோம். சொல்லின் பொருளறியாமையே எம்மை அலைக்கழித்தது. அத்துன்பம் பிறர்க்கு வாராதிருக்கச் சில சொற்களை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

முதலாவது அதிர்வெண். ஓர் அலை ஒரு விநாடியில் எத்துணை முறை அதிர்கின்றதோ அவ்வெண்ணே அது. கம்பியின்றி அலைகள் சுவரையும் கடந்து சென்று மணியடிக்கச் செய்யும் என்பதை ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காட்டினார். இன்று நம் இல்லங்களில் வழங்கும் வைஃபை, பெரும்பாலும் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. அஃதாவது விநாடிக்கு ஏறத்தாழ 240 கோடி அல்லது 500 கோடி அதிர்வுகள். முன்னது சுவர் கடந்து நெடுந்தொலைவு செல்லும்; பின்னது மிகுந்த செய்தியைச் சுமக்கும், ஆயினும் சுவரிடை எளிதில் தளரும்.

இரண்டாவது திசைவி. வீட்டு வலைக்கும் வெளியுலக வலைக்கும் இடையே நின்று வழிகாட்டும் கருவி இது. கைப்பேசியிற் காணும் வைஃபைக் குறி, கைப்பேசிக்கும் இக்கருவிக்கும் இடையேயுள்ள அலையின் வலிமையை மட்டுமே உணர்த்தும். அதற்கப்பால் நிகழ்வதை அக்குறி அறியாது.

மூன்றாவது பொதி. நாம் விடுக்கும் செய்தி ஒரே தொடராய்ச் செல்வதன்று. சிறு சிறு பொதிகளாய்ப் பகுக்கப்பட்டுச் செல்வது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் விடுப்பவர், பெறுபவர் ஆகிய இருவர் முகவரியும் எண்ணாய்ப் பொறிக்கப்பெறும். பொதி வழியிற் கெடின் என்செய்வது? இவ்வூரிற் பிறந்த சுந்தரரின் வரலாறு அதற்கு விடை தரும். வழக்குரைக்க வந்த முதியவரின் ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிய, கிழிந்தது படியோலையே என்று கூறிய முதியவர், மூலவோலையை வெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டினார் எனப் பெரியபுராணம் கூறும். அவ்வாறே, பெற்றுக்கொண்டதாக மறுமொழி வரும்வரை அனுப்பிய கருவி ஒரு படியைத் தன்பால் வைத்திருக்கும். மறுமொழி வாராவிடின் மீண்டும் அனுப்பும். இத்தகைய ஒழுங்குகளின் தொகுதியே நெறிமுறை எனப்படும்.

நான்காவது பட்டையகலம். ஒரு விநாடியில் எத்துணைச் செய்தி செல்லக்கூடும் என்பதை இச்சொல் குறிக்கும். இதனை பிட் கணக்கிற் கூறுவர். கோப்பின் அளவையோ பைட் கணக்கிற் கூறுவர். எட்டு பிட் ஒரு பைட்டாதலின், 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வாராது.

ஐந்தாவது வழங்கி. நாம் வேண்டும் பக்கத்தைத் தன்பாற் கொண்டு, கேட்போர்க்கு எடுத்து வழங்கும் கணினி அது.

இவ்வைந்தையும் அறிந்தார்க்குப் பழுதின் இடம் தானே விளங்கும். குறியே இல்லையெனில், திசைவி தொலைவில் உள்ளது, அன்றி அணைந்துள்ளது. குறி நிறைந்தும் எத்தளமும் திறவாவிடின், திசைவிக்கு அப்பாற் பழுது இருத்தல் கூடும். ஒரு தளம் மட்டும் திறவாவிடின், பெரும்பாலும் வழங்கியிற் குறை. எல்லாம் திறந்தும் மெல்ல நகருமாயின், பட்டையகலத்தைப் பலர் பங்கிடுகின்றனர் எனலாம்.

அன்றிரவு, அண்டை வீட்டார் ஒருவர் தம் கைப்பேசியின் கோபுர இணைப்பை ஈந்து உதவ, விண்ணப்பம் கடைசி அரைமணியிற் போய்ச் சேர்ந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். அப்பணி தமிழ் பயிலும் நமக்கும் உரியதே. கலைச்சொல் ஏட்டில் உறங்குவதற்கன்று. முற்றத்தில் கைப்பேசியோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு உதவுதற்கே.