திகதியைச் சரியாகப் பதிவோம்

விரிதாளில் 03/04/2009 எனப் பதிந்தால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அமெரிக்க முறையில் அமைந்த கணினி மாதத்தையே முதலாவதாகக் கொள்ளும், எச்சரிக்கையும் தராது.

கந்தப்பளையில் பிறந்த மாணவிக்கு இதனால் என்ன? புதிய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டை அடுத்து, அது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது வரும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள். பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஏப்ரல் 3 எனில் 594; மார்ச் 4 எனில் 564. திகதி மாறினால் இலக்கமே மாறிவிடும்.

எனவே ஆண்டு, மாதம், நாள் வரிசையில் 2009-04-03 எனத் தட்டுங்கள். திகதியாக ஏற்கப்பட்டால் கலத்தின் வலப்புறம் நிற்கும். இடப்புறம் நின்றால் வெறும் எழுத்தே. இன்றைய திகதிக்குக் கொன்ட்ரோல் விசையுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் போதும்.

பெற்றோரே, பிள்ளையின் விண்ணப்பத்தைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துடன் ஒப்பிட்ட பின்பே கையொப்பமிடுங்கள்.