பெண்ணுக்குப் பாத்திமா என்று பெயர் வைத்தால்...

ராமச்சந்திராபுரத்தில் 'பெல்' தொழிற்சாலை ஏற்பட்டது 1960-களில். அது முதல் வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே வீடு வாசல் என்று நிலைத்துவிட்டவர்கள் பலர். அவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பெண் குழந்தை பிறந்து, காதில் பாங்கு சொல்லிப் பெயர் வைக்கும் வேளையில், அந்த வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று பாத்திமா.

இப்பெயருக்கு என்ன பொருள்? குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடிப்பதைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது இது. பால் மறக்கடிப்பவள் என்பதே நேர்ப்பொருள். மலர், முத்து, நிலவு என்று ஏதேனும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். நரக நெருப்பிலிருந்து விலக்கப்பட்டவள் என்று மார்க்கப் பெரியோர் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் அகராதியைப் பார்த்தா பெயர் வைக்கிறார்கள்? நபிகள் நாயகத்தின் மகள், அலியாரின் துணைவி, ஹசன், ஹுசைன் இருவரின் தாய் என்பதற்காகவே இப்பெயரை வைக்கிறார்கள். உமறுப்புலவர் தமது சீறாப்புராணத்தில் 'பாத்திமா திருமணப் படலம்' என்று ஒரு படலமே பாடியிருக்கிறார்.

ஐதராபாத்தில் இப்பெயரின் மதிப்பைக் காண விரும்புவோர் முஹர்ரம் பத்தாம் நாள் பழைய நகரத்துக்குப் போக வேண்டும். தபீர்புராவிலுள்ள 'பீபி கா அலாவா'விலிருந்து 'பீபி கா அலம்' என்ற புனிதச் சின்னம் யானை மீது புறப்படும். பீபி என்பது பாத்திமா நாயகியையே குறிக்கும். அவர்களுடைய இறுதி நீராட்டுக்குப் பயன்பட்ட பலகையின் ஒரு துண்டு அந்த அலத்தில் பதிக்கப்பட்டிருப்பதாக ஷியா மக்கள் நம்புகின்றனர். குதுப்ஷாஹி காலத்தில் அதை நிறுவியவர் ஹயாத் பக்ஷி பேகம். சார்மினார் வழியாகச் சாதர்காட் வரை ஊர்வலம் செல்லும்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். டெல்லிப் பாதையும் ஐதராபாத் பாதையும் கூடும் காஜிபேட்டையில் பாத்திமா நகர் இருக்கிறது. அங்கே இருப்பது கத்தோலிக்கரின் வாரங்கல் மறைமாவட்டப் பேராலயம்! மதுரை பாத்திமா கல்லூரியும் கத்தோலிக்கக் கன்னியர் நடத்துவதுதான். போர்ச்சுகல் நாட்டில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் அடையாளமாக ஓர் ஊருக்குப் பாத்திமா என்ற பெயர் தங்கிவிட்டது. 1917-இல் அங்கே ஆடு மேய்த்த மூன்று சிறுவர்களுக்கு மாதா காட்சி தந்தார் என்று செய்தி பரவியது. அதன் பிறகு பாத்திமா மேரி என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளிலும் புழங்கலாயிற்று.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தொல்லை வருவது பொருளால் அல்ல, ஆங்கில எழுத்தால்தான். 'டி' மட்டும் போட்டால் 'ட' என்று படித்துவிடுவார்கள் என்று நம்மவர்கள் 'டி'யோடு 'எச்' சேர்த்து எழுதுவார்கள். இங்குள்ள உருதுக்காரர்களோ 'எச்' இல்லாமலே எழுதுவது வழக்கம். உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989-இல் பதவியேற்று, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவியின் பெயரில் 'எச்' உண்டு. எதுவும் பிழையில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் வேறு விதம் என்று ஆகிவிட்டால், பின்னாளில் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைய நேரிடும். வளைகுடாவுக்குப் போக விசா வந்து காத்திருக்கும்போது இந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு இனிஷியல் சங்கடம் வேறு. தெலுங்கர்களுக்கு இண்டிபேரு உண்டு. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில், ஒரு தடவை அப்பா பெயரையும் மறு தடவை 'பீவி'யையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எதை எழுதினாலும் எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும்.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம். பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணம் கிடையாது, அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க விதி உண்டு. வீட்டில் எல்லாரும் கூடி எழுத்தை முடிவு செய்துகொண்டு, ஒரு தாளில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி எடுத்துப்போவது நல்லது. வாயால் சொன்னால், கவுண்டரில் இருப்பவர் தம் காதில் விழுந்தபடிதான் எழுதுவார்.