வெளிநாடு செல்லும் மாணவர்களே, கேட்கத் தயங்காதீர்கள்!

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் குளிர் என்றால் ஒரு போர்வையோடு போய்விடும். ஐரோப்பாவுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் முதல் நாட்களில் தடுமாறுவது இயல்புதான்.

கணித மேதை ராமானுஜனும் தடுமாறியவரே. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். குளிர்காலத்தில் கோட்டும் சால்வையுமாகப் படுத்தும் நடுக்கம் அடங்கவில்லை. அறைக்கு வந்த நண்பர் மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். மெத்தையோரம் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதே ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேதைக்கும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது!

இன்றும் அப்படித்தான். ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்திற்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் தேவை. டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்திலேயே வந்துவிடலாம். தொழ எங்கே இடம், ஹலால் உணவு எங்கே என்பதை முன்பே அங்குள்ள சீனியர் மாணவர்களிடம் கேட்டு வையுங்கள்.

பெற்றோர்களே, பெட்டியில் ஊறுகாய் வைக்கும்போது இந்த அறிவுரையையும் சேர்த்து அனுப்புங்கள்: தெரியாதது குறையல்ல, கேட்காமல் இருப்பதே குறை. அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணத்தை இலேசாக்குவானாக!