நாயை விரட்டினால் தெள்ளு போகாது

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டால் முதல் தண்டனை நாய்க்குத்தான். கொஞ்சம் மனசு இளகிய வீடென்றால் கொல்லைப்புறத்தில் கட்டிப்போடுவார்கள். இல்லையென்றால் ஆட்டோவில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவராக இருந்து நான் பார்த்தவரை, அப்படி விரட்டிய வீடுகளில்தான் குழந்தைக்குக் கடி கூடியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால். பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு. ரோமத்துக்குள் ஓடும், விரலால் நசுக்கினாலும் லேசில் சாகாது, விட்டால் ஒரு சாண் உயரம் தாவும். இரண்டுக்கும் வைத்தியமும் வீட்டைச் சுத்தம் செய்யும் விதமும் வேறுபடும்.

போன ஐப்பசி மழையில் டவுன் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் ஓசூரிலிருந்து பிரசவத்துக்கு வந்து, பேத்தி பிறந்து இரண்டு மாதம்.

"டாக்டரம்மா, நாய வெளிய கட்டி ஒரு வாரம் ஆச்சு. கடி கொறையவே இல்ல. பிள்ள காலெல்லாம் தடிச்சுத் தடிச்சுக் கெடக்கு."

"பிள்ளையும் தாயும் எந்த ரூம்ல இருக்காங்க?"

"பின்கட்டு ரூம்லதான். ஆடியில இருந்து பூட்டிக் கெடந்துச்சு. மக வாறான்னு தொறந்து கழுவி விட்டோம்."

"பூட்டிக் கெடந்தப்ப பூனை எதுவும் குட்டி போட்டுச்சாம்மா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "பரண்ல ஒரு களவாணிப் பூன போட்டுச்சு. பொறவு அதுவே தூக்கிட்டுப் போயிட்டு."

அதுதான் விஷயம். அந்த நாய் பின்கட்டுப் பக்கம் போனதே இல்லையாம், முன்வாசலில்தான் படுக்கை.

தெள்ளின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பெண் தெள்ளு நாய் மேலோ பூனை மேலோ ஏறி ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40, 50 முட்டைகூட இடும். அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும் அந்த முட்டை ரோமத்தில் தங்காது. பூனை படுத்த இடம், நடந்த இடம், குதித்த இடம் எல்லாம் உதிரும். சில நாளில் பொரிந்து புழுவாகும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. பாய்க்கு அடியில், பீரோவுக்குக் கீழே, தரைக்கல் இடுக்கில் ஒளிந்துகொண்டு, தாய்த் தெள்ளு கழித்துப்போட்ட காய்ந்த ரத்தத்தைத் தின்னும். பிறகு கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அடிக்கிற எந்த மருந்தும் அந்தக் கூட்டுக்குள் நுழையாது.

நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்று முழுவதும் மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு அவசரப்படாது. பக்கத்தில் ஓர் உயிர் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இதில் ஏதாவது பட்டால் போதும், வெளியே வந்துவிடும். பூட்டிய அறையைத் திறந்ததும் இத்தனை தெள்ளு எங்கிருந்து வந்தது என்று வீட்டார் திகைப்பது இதனால்தான். வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் 100-க்கு 5 தான் பிராணியின் மேல் இருக்கும் என்று எங்கள் துறையில் கணக்குச் சொல்வோம். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது.

இப்போது நாய் விவகாரத்துக்கு வருகிறேன். கூட்டிலிருந்து வந்த தெள்ளுக்கு உடனே ரத்தம் வேண்டும். நாயோ பூனையோ இருந்தால் அதன்மேல் தாவும். அது வெளியே கட்டிக் கிடந்தால், அந்த அறையில் சூடாக இருக்கிற உடம்பு யாருடையதோ அவர்கள்மேல் தாவும். தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்த பச்சைக் குழந்தைதான் வசமாகக் கிடைக்கும். அதே நாய்க்குச் சரியான மருந்து கொடுத்து வீட்டுக்குள் நடமாட விட்டால், வருகிற தெள்ளெல்லாம் அதன்மேல் ஏறி, முட்டையிடும் முன்பே சாகும். மருந்து கொடுத்த நாய் வீடெல்லாம் நடந்து திரியும் பொறி.

அந்த அம்மாவின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். தாத்தா வெள்ளை வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு பின்கட்டு அறைக்குள் நாலு நடை நடந்தார். வெளியே வந்து நின்றபோது வேட்டியின் கரையோரத்தில் கரும்புள்ளிகள். ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே துள்ளி மறைந்தது. வெள்ளைத் துணிபோல் தெள்ளைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றில்லை. வேட்டி இல்லாதவர்கள் முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டு நடந்து பார்க்கலாம்.

அந்த வீட்டில் ஒரு வளர்ப்புப் பூனையும் இருந்தது. அதை மடியில் வைத்து, பல் நெருக்கமான சீப்பால் வாலடியில் வாரினேன். சீப்பில் கரும்பொடி வந்தது. அதை ஈரப் பஞ்சின் மேல் தட்டியதும், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செந்நிறம் மெல்லக் கசிந்து பரவியது. வெறும் அழுக்கென்றால் கறுப்பாகவே இருந்திருக்கும். சிவந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம். இந்தச் சோதனைக்கு டாக்டர் தேவையில்லை.

அந்த அம்மாவின் மகன் அதற்குள் உரக்கடையிலிருந்து மாட்டு உண்ணிக்கு ஊற்றும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். நல்லவேளை, திறக்கவில்லை. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் என்று 'மெத்ரின்' என முடிகிற இந்த வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நாய்க்கென்று விற்கும் அடர்த்தியான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், சாகவும் சாகும். மருந்து காயாத நாயோடு உரசிப் படுத்தாலே போதும். பூனை வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. முயல் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நாய்க்கும் பூனைக்கும் ஆகிற ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது.

குழந்தை இருக்கும் வீட்டு நாய்க்கு நான் பெரும்பாலும் மாத்திரைதான் எழுதுகிறேன். அஃபாக்சோலனர் ஒரு மாதம் நிற்கும், ஃப்ளூரலனர் ஏறக்குறைய மூன்று மாதம். ரோமத்தின் மேல் எதுவும் இல்லாததால் குழந்தை நாயைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தாலும் மருந்து போகாது. ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகை மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பூனைக்கு அதன் எடைக்கேற்ற, பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து. குழந்தை தூங்கிய பிறகு ராத்திரியில், பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் ரோமத்தை விலக்கித் தோலில் விட வேண்டும். அந்த இடம் நன்றாகக் காயும்வரை, ஒருநாளாவது, யாரும் தொடக் கூடாது. மருந்துக் கழுத்துப்பட்டையைக் கைக்குழந்தை வீட்டுக்கு நான் எழுதுவதில்லை. கைக்கு எட்டியதையெல்லாம் சப்புகிற வயசு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாது. சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டியதுதான். ஈறு வெளுத்திருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், தெள்ளு குடித்தே குட்டிகள் ரத்தசோகையில் சாகும்.

இது பாதி வேலைகூட இல்லை. மீதி தரையில்.

தாயையும் பிள்ளையையும் அன்றே முன்னறைக்கு மாற்றச் சொன்னேன். பாய் வேண்டாம், தூளி கட்டித் தூங்க வையுங்கள் என்றேன். பரணில் கிடந்த பழந்துணி மூட்டைகளை மேலே வைத்தே பெரிய பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிய பிறகுதான் இறக்கினார்கள். அப்படியே இழுத்துப் போட்டால் வழியெல்லாம் முட்டை உதிரும். துணிகள், தலையணை உறைகள், நாய் படுக்கும் சாக்கு எல்லாம் கொதிநீர் அண்டாவில் ஊறின. 60 டிகிரிச் சூட்டில் முட்டையும் புழுவும் தப்பாது. கொதிக்க வைக்க முடியாத மெத்தை மொட்டைமாடிக்குப் போனது. 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உலர்ந்த காற்றையும் புழு தாங்காது. ஐப்பசியில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை. சித்திரையில் தெள்ளுத் தொல்லை குறைவதும் மழைக்காலத்தில் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

தரைக்கு வாக்குவம் கிளீனர் இருந்தால் அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. முட்டையையும் புழுவின் தீனியையும் உறிஞ்சுவதோடு, அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவை வெளியே வந்து மாட்டும். கட்டில் கால், பீரோ அடி, சுவரும் தரையும் சேரும் மூலை, கல் இடுக்கு, இங்கெல்லாம் குறுகிய முனையால் தினமும் இழுக்க வேண்டும். முடித்ததும் குப்பையை ஒரு கவரில் கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். இந்த வீட்டில் கிளீனர் இல்லை. இடுக்குகளில் சோப்புக் கலந்த வெந்நீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் தங்காமல் துடைத்தார்கள். ஈரம் தங்கினால் புழுவுக்குத்தான் கொண்டாட்டம். வெறும் தென்னந்துடைப்பம் மட்டும் போதாது, தூசியை இடுக்குக்குள் தள்ளிவிடும்.

ராத்திரி காலி அறையில் அகலமான தட்டில் தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, அதற்கு மேலே தாழ்வாக ஒரு விளக்கை எரியவிட்டார்கள். வெளிச்சத்துக்குத் தாவும் தெள்ளு சோப்புத் தண்ணீரில் மிதக்க முடியாமல் மூழ்கும். இதனால் தெள்ளு ஒழிந்துவிடாது. ஆனால் காலையில் தட்டைப் பார்த்தால் கூட்டம் குறைகிறதா என்று தெரியும். தாத்தாவுக்கு அது பிடித்துப்போய், தினமும் எண்ணி காலண்டரில் எழுதி வைத்தார்.

வீட்டு வைத்தியம் என்று நான்கு பேர் நான்கு சொல்வார்கள். மண்ணெண்ணெயில் தரை துடைப்பது தீக்கும் விஷத்துக்கும் வழி, குழந்தை ஒரு வாய் குடித்தால் நுரையீரல் கெடும். குழந்தைத் துணிக்குள் பாச்சை உருண்டை போடுவதும் நம் பக்கம் உண்டு. ஜி6பிடி நொதிக் குறை உள்ள பச்சிளங் குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலை வரவைக்கும். குறை இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். போரிக் பொடி தூவினால், தவழும் குழந்தையின் கை அதில்தான் முதலில் படும். வேப்பெண்ணெயாவது ஆகுமே என்பார்கள். குழந்தைக்கு வாய்வழி கொடுத்த வேப்பெண்ணெயால் வாந்தியும் வலிப்பும் வந்து மூளையும் கல்லீரலும் பாதித்ததை மலேசிய மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதைத் தரையில் பூசினாலும் தெள்ளுக் கூடு சாகப்போவதில்லை. சாம்பிராணிப் புகைக்கும் தெள்ளு அசையாது, பிள்ளைக்குத்தான் இருமல்.

பூச்சி மருந்தடிக்கும் கம்பெனியைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்கிற நிலைமை சில வீடுகளில் வரும். குழந்தை, பூனை, மீன்தொட்டி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் போன்றதைக் கேளுங்கள். மருந்து காய்ந்து, ஜன்னல் திறந்து காற்றோடிய பிறகே பிள்ளையை உள்ளே கொண்டுவாருங்கள். அடித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் தெள்ளு தெரியும். கூட்டிலிருந்து வருகிறவை அவை. ஏமாற்றிவிட்டார்கள் என்று மறுபடி அடிக்கச் சொல்லாதீர்கள்.

குழந்தையின் கடிக்குத் தண்ணீரும் சோப்பும், குளிர்ந்த ஈரத்துணி, வெட்டிய நகம் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்காதீர்கள், அந்தத் தோல் வெந்துவிடும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் தெள்ளு இருந்ததைச் சொல்லுங்கள். தெள்ளு வழியாக வரும் டைஃபஸ் காய்ச்சல் ஒன்று உண்டு, சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். தவழும் குழந்தை தெள்ளை விழுங்கிவிட்டால் நாடாப்புழு வரலாம். மலத்தில் அரிசிமணி போல ஏதாவது தெரிந்தால் அதுதான். பயப்பட வேண்டாம், சுலபமாகக் குணமாகும்.

பரணில் எலி இருந்தால் முதலில் தெள்ளை ஒழித்துவிட்டுத்தான் எலிக்கு மருந்து வைக்க வேண்டும். எலி செத்து உடம்பு ஆறியதும் அதன் தெள்ளு வேறு உடம்பு தேடும். 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டியதும் இதைத்தான். பிளேக்கில் சாகும் எலியை ஒரு ஜாடியில் வைத்து, அதைத் தொட முடியாதபடி கம்பிக் கூண்டில் நல்ல எலியை மேலே தொங்கவிட்டார். தெள்ளு தாவியது, நல்ல எலியும் செத்தது. அவர் சொன்னதை அப்போது பலர் நம்பவில்லை.

டவுன் வீட்டில் கார்த்திகை முடிவதற்குள் தாத்தாவின் காலண்டரில் பூஜ்யங்கள் வரத் தொடங்கின. நாய் பழையபடி முன்வாசலுக்கு வந்துவிட்டது. பின்கட்டு வென்டிலேட்டருக்குக் கம்பிவலை அடித்தார்கள். அந்த அம்மா போன் செய்து, "இனிமே மருந்து வேண்டாம்லா?" என்று கேட்டார். தெள்ளு கண்ணில் படாத பிறகும் குறைந்தது மூன்று மாதம் நாய்க்கும் பூனைக்கும் மருந்து விடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.