கடைசிப் பெயர் என்ன?

உறையூருக்குத்தான் எத்தனை பெயர்கள்! உறந்தை என்றனர், கோழி என்றனர், வெள்ளைக்காரன் வாயில் அது 'வொரையூர்' ஆயிற்று. நெசவாலும் சுருட்டாலும் கடல் கடந்து பேசப்பட்ட அந்த ஊரின் புலவர்களைச் சங்கத் தொகை நூல்கள் எப்படிக் குறித்து வைத்திருக்கின்றன, பாருங்கள்! உறையூர் மருத்துவன் தாமோதரனார். உறையூர் இளம்பொன் வாணிகனார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, குடியிருந்த சேரிகூட இருக்கிறது. மருந்து கொடுத்தவர், பொன் விற்றவர் என்று செய்த வேலையைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டினார்கள். அக்காலத்தில் குலமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. குலத்தையும் கோத்திரத்தையும் சுமந்த புலவர் பெயர்களும் அதே தொகையில் உண்டு. ஆனால் உறையூர்ப் பட்டியலில் இந்த மூவருக்கும் ஊரும் தொழிலுமே போதுமானதாக இருந்தன.

இன்று அதே உறையூரில் ஒரு தறிக்காரர் மகன் கைப்பேசியில் முகநூல் கணக்குத் தொடங்குகிறான். முதல் கட்டம், பெயர். எழுதிவிட்டான். இரண்டாவது கட்டம், குடும்பப் பெயர். அங்கே விரல் நிற்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று முன்னால் நிற்கிறது, பின்னால் ஒன்றுமில்லை.

பின்னால் ஒன்றுமில்லாமற் போனது எப்படி? தானாக உதிர்ந்ததா? இல்லை, உதிர்த்தார்கள்! 'குடிஅரசு' ஏட்டிலேயே 1927-ன் இறுதிவரை ஈ.வெ.ராமசாமியின் பெயருக்குப் பின் 'நாயக்கர்' அச்சாகிக் கொண்டிருந்தது, பிறகு நின்றது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழியுங்கள் என்று தீர்மானம் போட்டது. அதன்பின் வந்த இளைஞர்கள் பட்டத்தை மட்டுமல்ல, பெற்றோர் இட்ட பெயரையே மாற்றிக்கொண்டார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். நான் யார் என்பதை நானே எழுதுவேன் என்ற துணிவு அது. இணையம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்த வேலை!

அந்த வெற்றிடத்துக்குத் தொழிலாளி கொடுக்கும் விலையும் கொஞ்சமல்ல. வருமானவரி அட்டைக்கான விண்ணப்பம் முதலெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுது என்கிறது. விரித்தால் அப்பன் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிவிடும். ஆதாரில் 'க. முருகன்', வைப்புநிதிக் கணக்கில் 'முருகன் கந்தசாமி'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க, உழைத்துச் சேர்த்த பணத்துக்காக அலுவலகப் படியேறி அலைந்தவர்கள் எத்தனை பேர்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று அறிவித்தபோது, திருச்சி விமான நிலையத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கலங்கின. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

இந்தத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. பாட்டன் வெட்டியெறிந்த வாலைப் பேரன் தேடியெடுத்து, அந்த இரண்டாவது கட்டத்தில் ஒட்டுகிறானே, அதைச் சொல்கிறோம்! பள்ளிச் சான்றிதழில் இல்லாத பட்டம் முகநூலில் முளைக்கிறது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடுத்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து சேர்ந்தது. கையிலே அரிவாள், பின்னணியிலே சாதித் தலைவர் படம், அதற்கு ஒரு சினிமாப் பாட்டு! தறியோட்டும் வீட்டுப் பிள்ளை, ஒரு நாழிகை வேந்தனாகிவிடுகிறான். விருப்பக் குறி எண்ணிக்கை ஏறுகிறது; விளம்பரக் காசு அமெரிக்காக் கம்பெனிக்குப் போகிறது; பகை மட்டும் தெருவிலே தங்குகிறது.

விளையாட்டுத்தானே என்பார் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள்! அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் கையிலே கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அறுக்கலாம், சரி. சட்டைப் பையிலே ஒளிரும் கயிற்றை எந்த ஆசிரியர் அறுப்பார்?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடகைக்கு வீடு கிடைக்காதோ என்று நகரத்திலே அடையாளத்தை மறைத்து வாழ நேர்ந்தவர், இணையத்திலே நிமிர்ந்து "நான் இன்னார்தான்" என்று எழுதினால் அது ஆண்டைத் திமிர் அல்ல. அச்சம் தெளிந்ததன் அடையாளம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

நம் வீட்டுப் பெண்கள் கதை இதற்கு நேர்மாறு. அண்ணன் அரிவாளோடு படம் போடுகிறான். தங்கையோ தன் முகத்துக்குப் பதில் ஒரு ரோசாப்பூவை வைக்கிறாள். ஏன்? 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில், தன் முகத்தை ஒட்டுவேலை செய்து முகநூலில் போட்டார்கள் என்பதற்காக ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்டாரே, அந்தச் செய்தியை மறந்தவள் அவளல்ல. அவள் பூவைப் பார்த்து நகைக்கும் தோழர்கள், அவள் முகம் காட்ட அஞ்சாதபடி தம் வாட்ஸ்அப் குழுவின் வாயை முதலில் கட்டட்டும்.

சரி, அந்த இரண்டாவது கட்டத்தில் என்னதான் எழுதுவது என்று கேட்கும் தம்பிமார்களுக்கு, திருச்சி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. அன்பில் தர்மலிங்கம் என்றால் அன்பில் என்பது ஊர். மூன்றாம் தலைமுறையிலும் அந்த ஊர்ப்பெயர்தான் முன்னால் நிற்கிறது. திருச்சி சிவா என்றால் டெல்லி மாநிலங்களவைக்கும் தெரியும். அப்பா பெயரை முழுதாக எழுதலாம். அம்மா பெயரையும் சேர்க்கலாம், யார் தடுத்தார்? அதுவும் வேண்டாமென்றால் உறையூர் என்று எழுதலாம். தாமோதரனாருக்கு அந்தப் பெயர்தான் முதலில் நின்றது.