பிறவிக் குணமும் பிராங்கென்ஸ்ரைனின் படைப்பும்

கொடியவன் பிறக்கும்போதே கொடியவனோ, பின்னர் அவ்வாறு ஆக்கப்படுகின்றானோ என்னும் வினா பழையது. விஞ்ஞானக் கதைகளிலே அது புதியதொரு கூர்மை பெறுகின்றது. அக்கதைகளின் கொடியவன் பலபோது தாய் வயிற்றிற் பிறந்தவனல்லன். ஆய்வுகூடத்தில் ஒருவன் கையாற் செய்யப்பட்டவன். ஆதலின், அவன் குணத்துக்குக் காரணம் யாதென்று செய்தவனையே நிறுத்திக் கேட்கலாம்.

மேரி ஷெல்லி 1818 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிராங்கென்ஸ்ரைன்’ இவ்வகைக் கதைகளுக்கு முன்னோடி என்பர். விக்ரர் பிராங்கென்ஸ்ரைன் என்னும் மாணவன் பிணங்களின் உறுப்புக்களைக் கூட்டி ஓர் உருவம் சமைத்து, அதற்கு உயிரூட்டுகின்றான். அது கண்விழித்த அன்றே அதன் கோலத்துக்கு அஞ்சி ஓடியும் விடுகின்றான், பெயர்தானும் இட்டானல்லன். (பூதத்தின் பெயரே பிராங்கென்ஸ்ரைன் என்று பலர் கருதுவது பிழை.) ஈண்டு ‘அது’ என்றேன், இனி ‘அவன்’ என்றே கூறுவேன். பேசவும், கற்கவும், நாணவும் வல்ல ஒன்றை அஃறிணையில் வைக்க இலக்கணம் இடந்தரினும் மனம் இடந்தரவில்லை.

அவன் முதலிற் செய்தவை யாவை? காட்டோரத்துக் குடிசையொன்றை அடுத்த கொட்டிலில் ஒளிந்திருக்கின்றான். பசியினால் அக்குடிசையாரின் உணவைத் திருடியவன், அவர்கள் வறியோர் என்று கண்டதும் திருட்டை விட்டுக் காய் கிழங்குகளை உண்கின்றான். இரவிலே விறகு சேர்த்து அவர்கள் வாயிலில் இடுகின்றான். அவர்கள் பேச்சைக் கேட்டே மொழி கற்கின்றான். வழியிற் கண்டெடுத்த மில்ரனின் ‘இழந்த சுவர்க்கம்’ முதலாய நூல்கள் மூன்றையும் படிக்கின்றான். இவையெல்லாம் பிறவிக் கொடியவனின் செயல்களோ? கண்ணில்லாத முதியவர் ஒருவரே அவனோடு அன்பாகப் பேசுகின்றார். கண்ணுள்ள மகன் வந்ததும் தடியால் அடிக்கின்றான். பின்னர், ஆற்றில் அமிழ்ந்த சிறுமியைக் கரைசேர்த்ததற்கும் அவன் பெற்ற பரிசு துப்பாக்கிச் சூடு.

இதுவரை அவனுக்காக வாதாடலாம். இதற்குமேல் நான் வாதாடேன். விக்ரரின் சிறுதம்பியைக் கழுத்து நெரித்துக் கொன்றதைச் சினத்தின் வேகம் எனலாம். ஆனால், கொன்றபின் அக்குழந்தையின் கழுத்திலிருந்த படத்தை எடுத்து, உறங்கிக்கிடந்த ஜஸ்ரீன் என்னும் பணிப்பெண்ணின் ஆடையில் வைத்தானே, அது எண்ணிச் செய்த தீமை. அவள் தூக்கிலிடப்பட்டாள். துன்பம் அவனை அவ்விடத்துக்குக் கொண்டுவந்தது. படத்தை வைத்த கை அவனுடையது. வையாது விட்டிருக்கலாம் என்பதனாலேயே, கதையின் இறுதியில், வடகடற் பனியிடையே நின்ற கப்பலில், விக்ரரின் பிணத்தருகே அவன் அழும் அழுகைக்குப் பொருள் உண்டாகின்றது. மன்னிப்பு வேண்டுகின்றான், மன்னிக்க வேண்டியவனோ இறந்து கிடக்கின்றான்.

1931 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் இயக்கிய திரைப்படத்திலே, நாவலில் இல்லாத ஒரு நிகழ்ச்சி புகுத்தப்பட்டது. மூளை திருடச் சென்ற வேலையாள், நல்ல மூளை இருந்த சாடியைக் கைதவறிப் போட்டுடைத்து, குற்றவாளி ஒருவனின் மூளையைக் கொண்டுவருகின்றான். இச்சிறு மாற்றம் கதையையே புரட்டிவிட்டது. குற்றம் மூளையிலே என்றாகிவிட்டால் செய்தவனும் தப்பினான். துரத்திய ஊராரும் தப்பினர். பூதத்துக்கு மட்டும் மீட்சியில்லை. ‘இவன் பிறவியிலேயே இப்படி’ என்று ஒரு மாணவனைக் கடைசி வாங்கிலே இருத்திவிடும் ஆசிரியருக்கும் இதே வசதி உண்டு.

ஆயினும் அப்படம் தன் கூற்றைத் தானே மறுக்கின்றது. ஏரிக்கரையிலே சிறுமியொருத்தி அஞ்சாது அவனுக்குப் பூக் கொடுக்கின்றாள். இருவரும் பூக்களை நீரில் மிதக்கவிட்டு மகிழ்கின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணித் தூக்கி எறிகின்றான். அவள் அமிழவே பதறுகின்றான். தணிக்கையாளர் இக்காட்சியின் பிற்பகுதியை வெட்டினர். விளைவு யாது? அவன் சிறுமியை நோக்கிக் கைநீட்டுவதையும், பின்னர்த் தந்தை பிணத்தைச் சுமந்து வருவதையும் மாத்திரம் கண்டோர், அவன் செய்யாத கொடுமைகளையெல்லாம் தாமே கற்பித்துக்கொள்ள நேர்ந்தது. வெட்டிய பகுதி பல பத்தாண்டுகளின் பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது.

அதே இயக்குநர் 1935 இல் எடுத்த இரண்டாம் படத்திலே, அதே மூளையோடு அவன் பேசக் கற்கின்றான். இங்கும் கற்பிப்பவர் கண்ணில்லாத ஒருவர். இறுதியில், அவனுக்கெனச் செய்யப்பட்ட பெண்ணும் அவனைக் கண்டு அலறுகின்றாள். ஆய்வுகூடம் முழுவதையும் தகர்க்கவல்ல பொறியின் பிடி அவன் கையருகே இருக்கின்றது. தன்னைச் செய்தவனையும் அவன் மனைவியையும் வெளியே போய் உயிர்வாழுமாறு சொல்லி அனுப்புகின்றான். அதன் பின்னரே, எஞ்சியோரோடு தானும் அழியும்படி, கன்னத்திற் கண்ணீர் வழியப் பிடியை இழுக்கின்றான்.